ஓவர்லேண்டிங்: ‘வழித்தங்கல்’னு வைக்கலாமா?

> ‘தரைவழிப் பயணம்’னே வச்சுக்கலாமே, எதுக்கு இம்புட்டு யோசனை?

அண்ணே, நம்ம கட்டுரையில வர்ற ‘ஓவர்லேண்டிங்’குக்குத் தமிழ்ப் பேரா அது வேணாம்ணே. காரைக்குடியில பஸ் ஏறி மதுரைக்குப் போனாலும் அது தரைவழிப் பயணந்தான். நம்ம கட்டுரையில வர்றது அமெரிக்காவுல கொலராடோ சான் வான் மலையில இருக்கிற ஆல்பைன் லூப்ங்கிற மலைப்பாதை, 65 மைலு, அங்க 19ஆம் நூற்றாண்டுல வெள்ளியும் தங்கமும் தோண்ட வந்தவுக கோவேறு கழுதையும் வண்டியும் போக வெட்டுன தடம், இன்ஜினியர் கணவாய்கிட்ட 12,800 அடிக்கு ஏறுது, ஃபோர் வீல் டிரைவ் இல்லாம நடக்காது, ஜூன் வாக்குலதான் பனியே விலகும். அதை ஒரே நாள்ல ஓட்டிட்டு வந்துடுறவுகளும் இருக்காக, ஆனா அது ஓவர்லேண்டிங் இல்ல. அடுப்பு, அரிசி, தண்ணி, கூடாரம்னு அத்தனையும் வண்டியிலயே ஏத்திக்கிட்டு, இருட்டுன எடத்துல படுத்து, விடிஞ்சதும் கெளம்புறதுதான் அது. பேருல தரை வராட்டிப் போகுது, ராத்தங்குறது வரணும்.

ஆச்சி ‘ஒழுகை’ன்னு வைக்கலாம்னு எழுதியிருந்தாக, சங்க காலத்து உப்பு வணிகரான உமணரோட வண்டி வரிசை. எனக்கும் ஆசைதான். புறநானூறு 102ல அந்த வண்டிக்கு அடியில கட்டுன ‘சேம அச்சு’, அதான் மாத்து அச்சு, வருதே, ஸ்பேருக்கு ‘சேம’ன்னு அங்கேருந்தே எடுத்துக்கலாம், அதுல ரெண்டாம் பேச்சே இல்ல. ஆனா ‘ஒழுகைக்குப் போறேன்’னா ரேடியேட்டரா ஒழுகுதுன்னுல்ல கேப்பாய்ங்க! வணிகர் கூட்டத்துக்கான பழைய சொல்லு ‘சாத்து’ம் அதே கதைதான், யாருகிட்ட அடி வாங்குனேம்பாய்ங்க.

குன்றக்குடியில இருந்து பழனிக்குக் காவடியோட நடக்கிறப்ப வீட்டுலேருந்து போன் போட்டா மொதக் கேள்வி, “இன்னைக்கு எங்க தங்கல்?” சிங்கம்புணரிம்போம், நத்தம்போம். சோறு, படுக்கை, கால் கொப்புளத்துக்கு எண்ணெய், எல்லாம் அந்த ஒத்தச் சொல்லுக்குள்ள அடக்கம். அதான் ‘வழித்தங்கல்’ங்கிறேன். ‘வழித்தங்கலா போயிட்டு வந்தோம்’, ‘வழித்தங்கல் வண்டி’, சொல்லிப் பாருங்க, இடறாம வருது. லாட்ஜுல தங்குனாலும் வழித்தங்கல்தானேன்னு கேக்கலாம், அதுக்கு ‘ரூம் போட்டோம்’னுதான நாம சொல்றோம்.

கட்டுரையில வர்ற ‘கொண்டை ஊசி வளைவு’ங்கிற சொல்லை யாரும் தொடாதீக, அது நல்லாத்தான் இருக்கு. அந்தப் பாதையில ஆளுக விட்டுட்டுப் போன சுரங்க ஊரு அனிமாஸ் ஃபோர்க்ஸ், அதோட படத்துக்கு அடியில ‘கோஸ்ட் டவுன்’ங்கிறதை ‘பேய் நகரம்’னு போட்டிருக்கீகளே, அதை மட்டும் எடுத்துடுங்க. 11,200 அடியில, 1879ல கட்டுன மரவீடு ஒண்ணு, முன்னால துருத்திக்கிட்டு இருக்கிற ஜன்னலோட இன்னமும் நிக்குது. ஆளில்லாம பூட்டிக் கெடக்குற வீடு நம்ம தெருவுல மட்டும் கொறைச்சலா? அதைப் பேய் வீடும்பீகளா? ‘பாழூர்’னு போடுங்கண்ணே.