லேசர் பிஸ்டலும் 500 கிராம் விசையும்

திருமங்கலத்தார்: "வீட்டில் சுட்டுப் பழக, ஒளிப்புள்ளி வீசும் லேசர் பிஸ்டல் ஒன்று இருந்தால் போதும், கை அசைவைப் பதியும் ஸ்காட் (SCATT) கருவிக்குக் கொட்டும் பணம் வீண்" என்று மேலூர் மாறன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடும் போட்டியில் விசையின் (trigger) எடை, அதாவது அதை இழுக்கத் தேவைப்படும் எடை, 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. குழலை மேல்நோக்கி நிறுத்தி, விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்த்தே சோதிக்கிறார்கள். பொம்மையில் பழகிய விரலுக்கு அந்த 500 கிராம் எப்படிப் பிடிபடும்?

மேலூர் மாறன்: பொம்மை என்று இகழ வேண்டாம் ஐயா. விசையை இழுத்த நொடியில் புள்ளி எங்கே விழுந்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்காட்டின் விலை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகுமா என்பதற்கு முதலில் விடை சொல்லுங்கள்.

திருமங்கலத்தார்: நான் பேசியது விலையை அன்று, 500 கிராமை. லேசர் காட்டுவது ஒரு புள்ளியை மட்டுமே. ஸ்காட்டின் உணரியோ உங்கள் சொந்தப் பிஸ்டலில் பொருந்தி, விசை விடுபடுவதற்கு முன்பு கை எப்படி அலைந்தது, விடுபட்ட பின் எங்கே சரிந்தது என்பதைத் திரையில் கோடாக வரைந்து காட்டுகிறது. அதே பிடி, அதே 500 கிராம்.

ஆனையூர் அன்பன்: தோட்டா வடிவில் லேசர் ஒளி வீசும் லேசர் தோட்டாவை வாங்கி ஏர் பிஸ்டலுக்குள் போட்டால் சொந்த விசையிலேயே பழகலாமே?

உசிலை செல்வி: தம்பி, லேசர் தோட்டாவை இயக்குவது, தோட்டாவின் பின்புறத்தில் அடிக்கும் துப்பாக்கி ஊசி, ஏர் பிஸ்டலில் அந்த ஊசியே கிடையாது. தோட்டா சுடும் .22 பிஸ்டல் வைத்திருப்பவர்களும் போலித் தோட்டா போடாமல் விசையை இழுத்தால், பல பிஸ்டல்களில் ஊசி தோட்டா அறையின் விளிம்பில் மோதிச் சேதப்படுத்தும். லேசர், ஸ்காட் இரண்டு கருவியுமே வேண்டாம் என்பேன். போட்டிக்குரிய ஏர் பிஸ்டல்கள் பலவற்றில் காற்றைச் செலவிடாமல் விசையை மட்டும் இழுக்கும் வசதி உண்டு. வெள்ளைச் சுவரைப் பார்த்து, குழல் முனையிலுள்ள குறிகாட்டி (முன் சைட்) அசையாதபடி இழுத்துப் பழகினாலே கை நிற்கும்.

மேலூர் மாறன்: சொந்தப் பிஸ்டல் உள்ளவர்களுக்கு அது சரி அக்கா. கிளப் பிஸ்டலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத பிள்ளை எதை இழுத்துப் பழகும்?

திருமங்கலத்தார்: எதை வேண்டுமானாலும் இழுக்கட்டும் என்பதுதான் உங்கள் பயிற்சி முறை. சென்ற மாவட்டப் போட்டியில் உங்கள் மாணவரின் பிஸ்டல் எடைச் சோதனையில் தவறியதை நான் மறக்கவில்லை. 500 கிராமை மதிக்காத பயிற்சிக்குக் கிடைத்த விளைவு அது.

மேலூர் மாறன்: அன்று எடைக்கல்லைப் பிடித்தவர் உங்கள் கிளப்பைச் சேர்ந்தவர். கல் ஆடிக்கொண்டிருந்தபோதே தோல்வி என்று அறிவித்தார். மறுசோதனை கேட்டதற்கு மறுமொழி இல்லை.

உசிலை செல்வி: பயிற்சியைப் பற்றிப் பேசுங்கள், போட்டிப் பகையை இங்கே இழுக்காதீர்கள்.

திருமங்கலத்தார்: பயிற்சியைப் பற்றியே பேசுகிறேன் அம்மா. மாறன் தம் லேசர் பிஸ்டலின் விசையில் 500 கிராம் கல்லைத் தொங்கவிட்டுப் படம் போடட்டும்.

மேலூர் மாறன்: பயிற்சிக் கருவிக்கு எடைச் சோதனை வேண்டும் என்று எந்த விதி சொல்கிறது?

திருமங்கலத்தார்: படம் வரட்டும், விதியைப் பிறகு பார்ப்போம்.