பாலைப்பழக் காலத்தில விழுந்த பிளேன்

இந்தப் பக்கத்தில ஒரு தங்கச்சி சண்டைக்காலத்துத் தன்ர சித்தப்பான்ர கதை எழுதியிருந்தா, அதை வாசிச்சாப் பிறகு எனக்கும் எழுதாம இருக்க ஏலேல்ல. இது எங்கட சண்டையில்லை, அதுக்கு முந்தி வெள்ளைக்காரன் ஜப்பான்காரனோட பிடிச்ச ரெண்டாம் உலகச் சண்டை.

அப்பப்பாக்கு அப்ப பன்னிரண்டு வயசிருக்கும். வன்னியில நெடுங்கேணிக் காட்டுக்குள்ள பெடியளோட பாலைப்பழம் பிடுங்கிக்கொண்டு நிக்கேக்க ரெண்டு எஞ்சின் பிளேன் ஒண்டு மரத்துக்கு மேலால பதிஞ்சு வந்து அங்கால விழுந்திட்டுதாம். ஓடிப் போய்ப் பாத்தா பச்சைப் பாலைமரம் நிண்டபடியே எரியுது. ஒராளைத்தான் கிட்டக் கண்டவர், குப்புறக் கிடந்த பெடியன், ஒரு சப்பாத்தைக் காணேல்ல, காலில சாம்பல் நிறக் கம்பளி மேஸ் (காலுறை), அந்தக் குதிக்கால் பக்கம் ஆரோ கையால தைச்சு ஒட்டுப் போட்டிருந்ததாம். "எங்கட பெரியண்ணன்ர வயசுதான்ரா" எண்டுவார். பிறகு பட்டாளத்துக்காரர் லொறியில வந்து எல்லாரையும் கலைச்சுப்போட்டு அந்தப் பெடியனை ஏத்திக்கொண்டு போட்டினம்.

1942 ஏப்ரல் 5 கொழும்பிலயும் 9 திருகோணமலையிலயும் ஜப்பான்காரன் குண்டு போட்டவன். அந்தச் சண்டைக்குத்தான் வவுனியாவிலயும் வெள்ளைக்காரன் ரன்வே போட்டது. அந்தச் சண்டைக்காலத்தில பிரிட்டிஷ் விமானப்படையின்ர 22ஆம் ஸ்குவாட்ரன் அங்க நிண்டது, போஃபோர்ட் எண்ட பிளேனுகளோட. அதுவும் ரெண்டு எஞ்சின், நாலு பேர் போறது, கப்பலுக்கு ரோர்பிடோ அடிக்கிறது.

அப்பப்பா அண்டைக்கு ஒரு சாண் அலுமினியத் தகடு எடுத்துக்கொண்டு வந்தவர். ஒரு கரையில வரிசையா ஆணித்தலை, மற்றக் கரை உருகிச் சுருண்டு போயிருக்கும், சின்னனில நான் அந்த ஆணியளைத் தடவித் தடவி எண்ணுறனான். அதை ஐயனார் கல்லடியில வச்சு, வருசா வருசம் பாலைப்பழம் பழுக்கத் தொடங்க ஒரு கை பழம் இலையில வச்சு விளக்குக் கொளுத்துவார். பேர் தெரியாது, "பெடியனுக்கு" எண்டுதான் சொல்லுறது.

இடம்பெயரேக்க தகடு அங்கேயே விடுபட்டுப் போட்டுது. 2009இல சண்டை முடிய, மெனிக்பாம் அகதி முகாமில தறப்பாள் கொட்டிலுக்குள்ள இருக்கேக்க அப்பப்பா மெழுகுதிரி ஒண்டு கேட்டார். மாமிக்கு வந்ததே கோவம், "எங்கட பிள்ளைக்கே கொளுத்த ஏலாமக் கிடக்கு, உங்களுக்கு வெள்ளைக்காரன் கேக்குதோ" எண்டு கத்தினவா. மச்சானை அப்ப காணேல்ல, இண்டைக்கும் இல்லை. அப்பப்பா கன நேரம் பேசாம இருந்திட்டு, "அவன்ர தாய் இஞ்ச வர ஏலாதல்லோ பிள்ளை" எண்டார். மாமிதான் பிறகு எங்கயோ போய்த் திரி வாங்கிக்கொண்டு வந்தவா, ரெண்டு திரி.

அப்பப்பா செத்தாப் பிறகு திருகோணமலை நிலாவெளி ரோட்டில இருக்கிற யுத்த மயானத்துக்குப் போனனான், பழத்தோட. வயசுகளை வாசிச்சுக்கொண்டே நடந்தன், எல்லாம் பெடியள். பராமரிக்கிற ஐயா ஆரைத் தேடுறீங்கள் எண்டு கேக்க என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல. உடம்பு கிடைக்காத ஆக்களின்ர பேர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில இருக்கு, 24,000க்கு மேல. பெடியனைத்தான் ஏத்திக்கொண்டு போனவை, அதால திருகோணமலையிலதான் இருப்பான் எண்டு என்ர மனம் சொல்லுது.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, கனகராயன்குளப் பக்கத்து ஆக்கள், உங்கட வீட்டுக் கிழடுகள் பிளேன் விழுந்த கதை சொல்லியிருந்தா எந்த வருசமெண்டு மட்டுமாவது எழுதுங்கோ.

மறுமொழி: அண்ணை, எங்கட அம்மப்பா வவுனியா ரன்வேக்குக் கிரவல் கொட்டினவர், ஆச்சி இன்னும் இருக்கிறா, 92 வயசு. வாசிச்சுக் காட்டினன். அந்த மேஸ் கதையை ரெண்டாந்தரமும் வாசிக்கச் சொன்னவா. பிளேன் விழுந்தது தன்ர தம்பி பிறந்த வருசமாம், அவற்ற பிறப்புப் பத்திரம் அம்மான்ர பெட்டிக்குள்ள கிடக்கு, ஞாயிறு போய் எடுத்துப் பாத்துச் சொல்லுறன்.