பழைய டீசல் ஃபோர்வீல் டிரைவ் வாங்கலாமா? மெல்பர்னுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி:

எல்லாருக்கும் வணக்கம். மெல்பர்னுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. டார்னீட்டில் வாடகை வீடு. நான் வேலைக்கு ரயிலில் போய்விடுவேன். மூன்று வயதுப் பையனைச் சைல்ட்கேரில் விட, கடைக்குப் போக, வார இறுதியில் ஊர் சுற்ற ஒரு கார் வேண்டும். 2008 மாடல் டீசல் டொயோட்டா பிராடோ (பெரிய ஃபோர்வீல் டிரைவ்) ஒன்று 18,000 டாலருக்கு வந்திருக்கிறது. 2,87,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முன்னால் புல்பார் (மிருகம் மோதினால் தாங்கும் கம்பித் தடுப்பு), பக்கத்தில் ஸ்நார்க்கல் (ஆழத் தண்ணீரில் எஞ்சினுக்கு மேலிருந்து காற்று எடுக்கும் குழாய்), கூரையில் கேரியர் எல்லாம் மாட்டி ஆள் மிரட்டலாக இருக்கிறது. "டீசல் எஞ்சின், 5 லட்சம் ஓடும்" என்கிறார் விற்பவர். டீசல் என்றால் செலவு மிச்சம் என்று ஊரில் அப்பாவும் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்:

தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். முதல் காராக இது வேண்டாம். ஒரு வருடம் கழித்தும் ஆசை விடவில்லை என்றால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா சொல்வது ஊர்க்கணக்கு. இந்தியாவில் 2014 அக்டோபர் வரை டீசல் விலையை அரசே பிடித்து வைத்திருந்தது. பெட்ரோலுக்கும் அதற்கும் லிட்டருக்கு நல்ல வித்தியாசம் இருந்த காலத்தில் உருவான கணக்கு அது. இங்கே பெட்ரோல் பங்கில் விலைப் பலகையைப் பாருங்கள், டீசல் பெட்ரோலுக்குச் சமமாக இருக்கும், பல நாள் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இன்னொன்று, மெல்பர்னில் பெட்ரோல் விலை சில வாரங்களுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். இறங்கும் நாள் பார்த்து டேங்க்கை நிரப்பிக்கொள்ளலாம். டீசலுக்கு அந்த ஏற்ற இறக்கம் கிடையாது. அந்தப் பிராடோ ஊருக்குள் 100 கி.மீ.க்கு 10, 11 லிட்டர் குடிக்கும். கொரோலா போன்ற சின்னப் பெட்ரோல் கார் அதைவிடக் குறைவிலேயே முடித்துவிடும். மிச்சம் எங்கே இருக்கிறது?

அதைவிடப் பெரிய விஷயம் நீங்கள் ஓட்டப் போகும் தூரம். சைல்ட்கேர் 2 கி.மீ., கடை 3 கி.மீ. என்றுதான் இருக்கும். டீசல் எஞ்சின் சூடேறவே அதற்குமேல் ஆகும். சூடேறும் முன் அணைத்து, மறுபடி கிளப்பி, மறுபடி அணைத்து என்று ஓட்டினால் இஜிஆர் வால்விலும் (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பிவிடும் வால்வு) இன்டேக்கிலும் (காற்று உள்ளே போகும் வழி) கரி படியும், ஆயிலும் சீக்கிரம் கெடும். "சரி, அப்படியானால் கொஞ்சம் புது மாடலாகப் பார்க்கிறேன்" என்று போனால் அங்கே டிபிஎஃப் காத்திருக்கிறது. புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அது. அவ்வப்போது அந்தக் கரி தானாக எரிய வேண்டும், அதற்கு நெடுஞ்சாலை வேகத்தில் சீராகக் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். சைல்ட்கேர் போய் வருகிற வண்டிக்கு அது எங்கே வாய்க்கும்? இந்த டிபிஎஃப் விஷயம் நீதிமன்றம் வரை போனது. 2015 அக்டோபரிலிருந்து 2020 ஏப்ரல் வரை இங்கே விற்ற டீசல் பிராடோ, ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் என்று இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளில் டிபிஎஃப் அமைப்பே குறையுள்ளது என்று 2022-ல் ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உங்கள் 2008 மாடலில் அந்தத் தலைவலி இல்லை. வேறு தலைவலிகள் உண்டு.

அந்த 3.0 லிட்டர் எஞ்சினுக்கு டைமிங் பெல்ட்டை 1,50,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வண்டி இப்போது 2,87,000-ல் நிற்கிறது. அடுத்த மாற்றம் 3 லட்சத்தில், அதாவது உங்கள் தலையில். முதல் மாற்றமாவது ஒழுங்காக நடந்ததா என்று ரசீது கேளுங்கள். டேஷ்போர்டில் அதற்கென்று ஒரு விளக்கு எரியும், ஆனால் பெல்ட்டை மாற்றாமலே அந்த விளக்கை மட்டும் அணைத்துவிட முடியும். அப்புறம், டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர். இந்த எஞ்சினில் பேர்போன தொல்லை அது. வாஷர் கசிந்தால் எரிந்த வாயு ஆயிலில் கலந்து, கரி கட்டி, அடியில் ஆயிலை உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். ஆயில் மேலே ஏறாவிட்டால் எஞ்சின் போச்சு. வாஷரை எப்போது மாற்றினார்கள், சல்லடையை இறக்கிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். விற்பவர் திருதிருவென விழித்தால் அதுவே பதில்.

இவ்வளவு பேசுகிற நானும் மாட்டியவன்தான். வந்த இரண்டாம் வருடம், ஒரு பழைய டீசல் ஃபோர்வீல் டிரைவ். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். காலை 9 மணிக்கு வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனேன். போனபோது வண்டி வாசலில் கழுவி நின்றது. போனட்டில் கையை வைத்தால் இளஞ்சூடு. "கராஜிலிருந்து இப்போதுதான் வெளியே எடுத்தேன்" என்றார், நானும் தலையாட்டினேன். சாவியைத் திருப்பிய உடனே பிடித்துக்கொண்டது. பெருமையோடு பணத்தைக் கொடுத்து ஓட்டி வந்தேன். ஜூன் மாதம், 3 டிகிரிக் குளிரில் ஒரு விடிகாலை கிளப்புகிறேன், இருமி இருமி ஒருவழியாகப் பிடித்தது. பிடித்ததும் தெரு முழுக்க வெள்ளைப் புகை. எதிர்வீட்டுப் பெரியவர் தீப்பிடித்துவிட்டதென்று நினைத்துப் பைஜாமாவோடு ஓடி வந்துவிட்டார். நாலு இன்ஜெக்டரும் கூலியும் சேர்த்து 3,800 டாலர். வண்டி வாங்கி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. வீட்டில் அந்த மாதம் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அதனால், வாங்கினாலும் வாங்காவிட்டாலும், எந்தப் பழைய டீசலையும் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பாருங்கள், முன்கூட்டியே சூடேற்றி வைத்தால் கோளாறு மறைந்துவிடும். சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போங்கள். கிளப்பியதும் பின்னால் போய் நின்று புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை நிற்காமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது கூலன்ட் உள்ளே போகிறது. மிதித்தால் கருகருவெனப் புகைந்தாலும் இன்ஜெக்டர் பக்கம் செலவிருக்கலாம். எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திருகி, எடுக்காமல் சும்மா அப்படியே மேலே வையுங்கள். மூடி குதித்து ஆடினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஆட்டோ கியர் வண்டியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். ஸ்ட்ராபெரி மில்க் ஷேக் போல ஏதாவது தெரிந்தால் கியர்பாக்ஸ் எண்ணெயும் கூலன்ட்டும் கலந்துவிட்டன. அங்கிருந்து நடையைக் கட்டுங்கள்.

பழைய துணி ஒன்று எடுத்துப் போய்க் கீழே படுத்தும் பார்க்க வேண்டும். ஃபோர்வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் கடற்கரை மணலில் இறக்காமல் இருக்க மாட்டார்கள். சேஸிக்குள் மணல் இருந்தால் உப்பும் இருக்கும், துருவும் இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும், 'பொத்' என்று கேட்கக் கூடாது. பின்னால் ட்ரெய்லரை மாட்டி இழுக்கும் டோபார் தேய்ந்து பளபளத்தால் வருடக்கணக்காகக் காரவன் இழுத்த வண்டி.

காகித விஷயம் சுருக்கமாக. விக்டோரியாவில் ரெஜோவோடு, அதாவது வண்டிப் பதிவோடு, விற்பவர் ரோட்வொர்த்தி (சாலையில் ஓட்டத் தகுதி) சான்றிதழ் தர வேண்டும், அது 30 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பிரேக், டயர், ஸ்டீயரிங், விளக்கு, பெல்ட் என்று பாதுகாப்பு மட்டும்தான் அதில் பார்ப்பார்கள். எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பிபிஎஸ்ஆர் என்ற அரசுப் பதிவேட்டு இணையதளத்தில் 2 டாலர் கட்டி, வண்டியின் அடையாளமான 17 எழுத்து வின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். கடன் பாக்கி, திருட்டு, ரைட்-ஆஃப் (தேறாது என்று கழித்த வண்டி) எல்லாம் தெரிந்துவிடும். அந்த எண்ணை விற்பவர் அனுப்பிய மெசேஜிலிருந்து எடுக்காமல் வண்டியிலேயே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். டீலரிடம் வாங்கினால் 3 மாதம் அல்லது 5,000 கி.மீ. வாரன்டி சட்டப்படி உண்டு, ஆனால் வண்டி 10 வயதுக்குள்ளும் 1,60,000 கி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். உங்கள் பிராடோ இரண்டிலும் வெளியே. ரெஜோவில் சேர்ந்து வரும் இன்சூரன்ஸ் ஆளுக்கு அடிபட்டால் மட்டுமே. எதிரே வரும் பென்ஸை இடித்தால் அந்தச் செலவு உங்களுடையது, அதற்குத் தனியாகக் குறைந்தது தர்ட் பார்ட்டி பிராபர்ட்டி (அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கான) இன்சூரன்ஸாவது போட வேண்டும். வண்டியை 50 மி.மீ.க்கு மேல் உயர்த்தியிருந்தால் பொறியாளர் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இந்த வண்டியில் எங்கே போகப் போகிறீர்கள்? கிரேட் ஓஷன் ரோடு முழுக்கத் தார். வில்சன்ஸ் ப்ராமன்டரியில் டைடல் ரிவர் வரை தார். கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கு ஸ்நார்க்கல் தேவையில்லை. கூரையில் கேரியரோடு ஷாப்பிங் சென்டர் அடித்தளப் பார்க்கிங்கில் நுழையும்போது மட்டும் உயரப் பலகையைப் பார்த்து நெஞ்சு திக்கென்று இருக்கும்.

கேட்டவர்:

அண்ணா, பனி பார்க்கப் போவதற்காவது ஃபோர்வீல் டிரைவ் வேண்டாமா? வீட்டில் அதற்குத்தான் ஒரே பிடிவாதம்.

பதில்:

லேக் மவுன்டனுக்குச் சாதாரணக் காரிலேயே எத்தனையோ குடும்பங்கள் போய் வருகின்றன. பனிக்காலத்தில் விக்டோரியாவின் பனி ரிசார்ட்டுகளுக்குப் போகிற எல்லா வண்டியும் சக்கரச் சங்கிலி எடுத்துப் போக வேண்டும், ஃபோர்வீல் டிரைவுக்கும் விலக்கு இல்லை. போகிற வழியில் வாடகைக்குக் கிடைக்கும். டீசலுக்குத்தான் அங்கே கூடுதல் சங்கடம். மெல்பர்னில் போட்ட டீசல் மலைக்குளிரில் மெழுகு போலக் கட்டிவிடும், ராத்திரி மேலே நிறுத்தினால் காலையில் கிளம்பாது. அடிவாரத்தில் ஆல்பைன் டீசல் என்று விற்பதைப் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். குயின்ஸ்லாந்தின் கேகாரி தீவு (முன்பு ஃப்ரேசர் தீவு) மாதிரி முழுக்க மணல் பாதையான இடத்துக்கு ஆசை வந்தால், அங்கேயே போய் நாலு நாள் வாடகைக்கு எடுங்கள்.

ஷெப்பர்ட்டனிலிருந்து ஒருவர்:

தம்பி, அண்ணை சொன்னது டவுனில் இருக்கிற ஆட்களுக்குச் சரி. நான் இங்கே பழத்தோட்டத்தில் 11 வருடமாக வேலை. என்னிடம் இருப்பது 4.2 லிட்டர், டர்போ இல்லாத பழைய லேண்ட்குரூசர். 4,10,000 கி.மீ. தாண்டிவிட்டது. தோட்டத்துக்குள் மண் ரோடு, பின்னால் ட்ரெய்லர், இரவில் கங்காரு குறுக்கே பாயும். எனக்குப் புல்பாரும் வேணும், டீசலும் வேணும். ஆனால் 5,000 கி.மீ.க்கு ஒருக்கால் எண்ணெய் மாற்றுகிறேன், அதுவும் நானே கீழே படுத்து. மெக்கானிக்கிடம் கொடுத்துத் திருத்துவதென்றால் எனக்கும் கட்டாது. மேட்டில் ட்ரெய்லரோடு ஏறினால் லொறிக்காரனே முந்திக்கொண்டு போவான், அதையும் சொல்ல வேணும். நீங்கள் வாங்குவதென்றால் வடிவாகப் பார்த்து வாங்குங்கோ. வண்டி விலைக்கு மேல் 4,000, 5,000 கையில் வைத்திருக்க முடியாவிட்டால் தொட வேண்டாம்.

பதில்:

அண்ணன் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கிராமப்புறத்தில் வேலை கிடைத்துப் போகிறவர்களுக்கு என் பேச்சு பொருந்தாது. அவர்கள்கூட முதலில் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போய்க் காட்டட்டும். வாங்கும் முன் சோதிக்க 300 டாலர் கேட்கிறார்களே என்று யோசிக்க வேண்டாம், நான் அதை மிச்சம் பிடித்தேன், கதை மேலே இருக்கிறது.

கேட்டவர்:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை காலை 8 மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, 7.20-க்கே நண்பர் காரில் போனோம். பிராடோ டிரைவ்வேயில் ஓடிக்கொண்டிருந்தது. விற்பவர் காபி கோப்பையோடு பக்கத்தில் நின்றார். எங்களைப் பார்த்ததும் "சீக்கிரம் வந்துவிட்டீர்களே" என்றார். மரியாதைக்கு ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்துவிட்டோம். பையன்தான் ஸ்நார்க்கலைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அழுதான். இப்போது சன்ஷைனில் ஒரு 2013 கொரோலா பார்த்திருக்கிறேன், 1,18,000 கி.மீ., சர்வீஸ் புத்தகம் முழுதாக இருக்கிறது. பெட்ரோல் வண்டிக்கும் ஆயில் மூடியை அப்படி வைத்துப் பார்க்கலாமா, அண்ணா?