ரொரண்ட் வழியே கோப்புகள் போகவில்லை, அவசர உதவி தேவை

முள்ளியவளை ஆசிரியை:
வணக்கம். ரொறன்ரோவிலுள்ள என் அண்ணன் மகனுக்குச் சில கோப்புகளை, கணினியிலிருந்து கணினிக்கு நேரடியாகப் பகிரும் ரொரண்ட் முறையில் அனுப்ப மூன்று நாட்களாக முயல்கிறேன். அவருடைய கணினியில் பூச்சியத்திலேயே நிற்கிறது. இணைய நிறுவனம் தடுத்திருக்கிறதா? தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

கிளிநொச்சி வாசி:
சிம் போட்ட 4ஜி றவுட்டரா, வீட்டுக்கு இழுத்த ஃபைபர் இணைப்பா? எந்த மென்பொருள்? கோப்புகளின் அளவு என்ன? இவற்றை அறியாமல் சொல்லும் எந்தப் பதிலும் ஊகமாகவே இருக்கும்.

மாங்குளம் சந்தி:
நிறுவனம்தான் தடுக்கிறது. அமெரிக்காவில் கொம்காஸ்ட் நிறுவனம் போலிப் பொதிகளை அனுப்பித் தன் வாடிக்கையாளர்களின் ரொரண்ட் இணைப்புகளைத் துண்டித்து வந்தது 2007இல் வெளிப்பட்டது. அங்கே செய்ததை இங்கே செய்யமாட்டார்களா? உங்கள் இணைப்பை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியே மறைத்துக் கொண்டுபோகும் இலவச விபிஎன் ஒன்றைப் போடுங்கள், போய்விடும்.

பழைய உறுப்பினர்:
இதே கேள்வி இங்கே பலமுறை கேட்கப்பட்டு, நானே பலமுறை விடையளித்திருக்கிறேன். பழைய இழைகளை வாசிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. ரொரண்ட் என்றால் பெரும்பாலும் திரைப்படம்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை முதலில் வாசித்துவிட்டு வாருங்கள்.

முள்ளியவளை ஆசிரியை:
திரைப்படம் அல்ல ஐயா. இடம்பெயர்வுகளுக்குத் தப்பிய வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் ஒளிப்படங்களையும், எங்கள் ஊர் முதியவர்கள் எட்டுப் பேரின் குரற்பதிவுகளையும் நானே சேர்த்திருக்கிறேன். எல்லாமாக 40 ஜிபி வரும். தங்கள் குரல் எந்த நிறுவனத்தின் கணினியிலும் தங்கக்கூடாது என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால்தான் முகில் சேமிப்பைத் தவிர்த்தேன். இணைப்பு 4ஜி. சென்ற ஆண்டு வவுனியாவில் அக்கா வீட்டு ஃபைபரில் இதே மடிக்கணினியிலிருந்து ஒரு சிறு தொகுதியை அனுப்பியபோது தடையின்றிப் போனது.

கிளிநொச்சி வாசி:
ரீச்சர், கடைசி வாக்கியத்தை முதலிலேயே எழுதியிருந்தால் நமக்கு ஒரு நாள் மிஞ்சியிருக்கும். றவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளியிணைப்புக்குரிய ஐபி முகவரி (இணையத்தில் இணைப்பைக் குறிக்கும் எண்) ஒன்று இருக்கும். "என் ஐபி என்ன" என்று காட்டும் தளம் ஒன்றில் தெரியும் முகவரியுடன் அதை ஒப்பிட்டுப் பாருங்கள். முழு முகவரியை இங்கே இட வேண்டாம், முதல் இரண்டு எண்கள் போதும்.

முள்ளியவளை ஆசிரியை:
றவுட்டரில் 100.87. தளத்தில் முற்றிலும் வேறாக இருக்கிறது.

கிளிநொச்சி வாசி:
அப்படியானால் நீங்கள் சிஜிநாட் என்னும் முகவரிப் பகிர்வுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஐபிவி4 என்னும் பழைய முகவரி முறையில் உலகம் முழுவதற்கும் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உள்ளன. அவை போதாமையால் ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். 100.64 முதல் 100.127 வரையான முகவரிகள் 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. உங்கள் கணினி வெளியே போய் யாரையும் அழைக்கலாம், ஆனால் வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்த வீட்டுக்குரியதென்று நிறுவனத்தின் கருவிக்குத் தெரியாது. அக்கா வீட்டு ஃபைபரில் அந்த மறைப்பு இருந்திராது. இப்போது மருமகனின் பக்கமும் மூடியிருப்பதால் இருவரும் கதவைத் தட்டிக்கொண்டு வெளியே நிற்கிறீர்கள். ஒரு பக்கம் திறந்தாலே போதும்: அவர் தம் றவுட்டரில் ஒரு போர்ட்டை (வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான எண்ணிட்ட வாசலை) திறந்து, அதே எண்ணை மென்பொருளிலும் இடட்டும்.

மாங்குளம் சந்தி:
விபிஎன் போட்டால் இவ்வளவும் தேவையில்லையே. நிறுவனத்தின் கண்ணிலும் படாது.

பரந்தன் நூலகர்:
போர்ட் திறந்து தராத விபிஎன், ஒரு மூடிய கதவுக்குப் பதிலாக இன்னொரு மூடிய கதவைத்தான் தரும். அதோடு, உங்கள் நிறுவனம் பார்த்ததை இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும். காசு வாங்காமல் அதை நடத்துபவர் எதை விற்று வாழ்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

பழைய உறுப்பினர்:
பொங்கல் படங்களுக்கு இத்தனை மறைப்பு எதற்கு? ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவருக்கு அச்சமும் இல்லை.

பரந்தன் நூலகர்:
ஐயா, அந்தக் குரல்களில் காணாமற்போன பிள்ளைகளின் பெயர்கள் இருக்கலாம், யார் எந்தக் கிராமத்தில் எப்போது இருந்தார்கள் என்பது இருக்கலாம். அடையாள அட்டையை நீட்டி நீட்டியே வளர்ந்த இந்த மண்ணில், பேசியவர் கேட்ட பாதுகாப்பை நாம் அளந்து குறைக்கக்கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் சம்மதத்துக்கு இடமுண்டு. நீங்கள் சட்டம் பேசியதால் சொல்கிறேன்.

கிளிநொச்சி வாசி:
நூலகர் சொல்வது சரி, ஆனால் ரொரண்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. சுட்டியை யாருக்கும் கொடுக்காவிட்டாலும், டிஎச்டி என்னும் பொது வலையமைப்பைக் கண்காணித்துப் புதிய ரொரண்ட்களைத் திரட்டுபவர்கள் உங்களுடையதையும் கண்டுபிடித்து இறக்கிக்கொள்ளலாம். உங்கள் ஐபி முகவரியும் அவர்களுக்குத் தெரியும். ஆகையால் 7-சிப் என்னும் சுருக்கு மென்பொருள் மூலம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி, ஏஇஎஸ்-256 மறைகுறியீட்டுடன் நீண்ட கடவுச்சொல் இடுங்கள், கோப்புப் பெயர்களையும் மறைக்கும் தெரிவைத் தவறவிடாதீர்கள். அதன் பிறகே ரொரண்டை உருவாக்குங்கள். பழைய ரொரண்டை நீக்கிவிடுங்கள். இன்னொன்று, வினாடிக்கு 2 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் 40 ஜிபி போக 44 மணித்தியாலங்கள் பிடிக்கும். உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் இரவில் மட்டும் ஓடவிடுங்கள்.

மாங்குளம் சந்தி:
தடுப்பதில்லை என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

கிளிநொச்சி வாசி:
எந்த நிறுவனமும் தடுக்காது என்று நான் சொல்லவில்லை. இங்கே தடுப்பை நாடாமலே எல்லாம் விளங்குகிறது. கதவு திறந்த பிறகும் போகாவிட்டால் உங்கள் ஊகத்தை எடுத்துப் பார்ப்போம்.

முள்ளியவளை ஆசிரியை (நான்கு நாட்களின் பின்):
மருமகன் போர்ட்டைத் திறந்தவுடன் ஓடத் தொடங்கியது. இரண்டு இரவுகளில் 13 ஜிபி போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

கிளிநொச்சி வாசி:
மகிழ்ச்சி, ரீச்சர். கடவுச்சொல்லைக் குறுஞ்செய்தியில் எழுதாமல், அழைத்து வாயால்தானே சொன்னீர்கள்?