பூனையோடு வெளிநாடு புறப்பட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொக்குவில் சாரல்

பிரான்சில் இருக்கும் கணவரிடம் போக எனக்கு விசா வந்துவிட்டது. மீனுவுக்கு விசர்நோய்த் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது, தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப்பும் வைத்தாகிவிட்டது. இனி இரத்தப் பரிசோதனைதான் என்று கூண்டை மடியில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். மிருக வைத்தியர் தடுப்பூசி அட்டையைத் திறந்து ஒரு விரலை ஊசித் திகதியிலும் மற்ற விரலைச் சிப் திகதியிலும் வைத்தார். ஊசி 4ஆம் திகதி, சிப் 6ஆம் திகதி. "ஊசி போட்ட பூனை இதுதான் என்பதற்கு என்ன அடையாளம், தங்கச்சி?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அந்த ஊசி செல்லாது. எல்லாம் முதலிலிருந்து. நான் தனியாக விமானம் ஏறினேன், மீனு அம்மாவிடம். அந்த இரண்டு விரல்களும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

சாவகச்சேரி–ரொறன்ரோ

கனடாவுக்கு இவ்வளவு பாடு இல்லை. மூன்று மாதம் கடந்த பூனைக்கு விசர்நோய்த் தடுப்பூசிச் சான்றிதழ் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருந்தால் போதும். சிப்பும் கேட்கவில்லை, இரத்தமும் கேட்கவில்லை.

என்னால் மறக்க முடியாதது கட்டுநாயக்க விமான நிலையத்தில் நடந்தது. கூண்டை மட்டும் எக்ஸ்ரேக்குள் விட்டு, பூனையைக் கையில் தூக்கி வரச் சொன்னார்கள். அது தோளில் ஏறி நகங்களை என் சட்டைக்குள் இறக்கியது. கத்தவே இல்லை, நடுங்கியது. முதுகில் சிறுநீர் சூடாக இறங்கியது. பாய்ந்து ஓடியிருந்தால் அந்தச் சனத்துக்குள் எங்கே தேடுவேன்? உடம்புப் பட்டி ஒன்று மாட்டியிருக்க வேண்டும்.

வேலணையான்

ரொறன்ரோக்காரர் "பாடு இல்லை" என்று எழுதியதை ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் நம்பிவிடக் கூடாது. ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டம் வேறு. அவுஸ்திரேலியா இலங்கையிலிருந்து நேரடியாகப் பூனையை ஏற்பதே இல்லை. என் பூனை லண்டனுக்குச் சரக்காகத்தான் வந்தது, விமானத்தில் பயணிகளோடு உள்ளே வர பிரித்தானியா விடுவதில்லை. என் கதை அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஐரோப்பாவுக்கு என்றால் முதலில் 15 இலக்கச் சிப். அதே நாளிலோ பிறகோ ஊசி, பூனைக்கு 12 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். ஊசி போட்டு 30 நாள் கழித்து இரத்தம். எதிர்ப்புச் சக்தி மில்லிலீற்றருக்கு 0.5 அலகுக்குக் குறையக் கூடாது. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அரச மிருக வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழ், பூனை போய்ச் சேருவதற்கு முந்திய 10 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். அதனால் டிக்கெட்டை முதலில் வாங்காதீர்கள். அடுத்த ஊசியின் தவணை ஒரு நாள் தவறினாலும் இரத்தப் பரிசோதனை வீண். ஊசி மருந்துக் குப்பியின் ஒட்டுத்தாள் அட்டையில் இருக்கிறதா என்று வைத்தியர் முன்னாலேயே பாருங்கள். கூண்டை ஒரு மாதத்துக்கு முன்பே விறாந்தையில் திறந்து வைத்து, உள்ளேயே சோறு வையுங்கள். தூக்க மருந்து மட்டும் வேண்டாம், வானத்தில் மூச்சுக்கு ஆபத்து.

பருத்தித்துறை அப்பா

சாரல் மகள், அம்மாவிடம் விட்டுப் போனதில் தவறு எதுவும் இல்லை. என் மகள் ஜேர்மனிக்குப் போனபோது அவளுடைய பூனையை நான்தான் வைத்திருந்தேன். இரத்தம் எடுக்கக் கழுத்தில் நாணயம் அளவுக்கு மயிரை மழித்தார்கள். பூனை தலையை என் உள்ளங்கைக்குள் புதைத்துக்கொண்டது. மகள் ஒவ்வொரு மாலையும் வீடியோவில் அந்த இடத்தைக் காட்டச் சொல்வாள். முதலில் சாம்பலாக, பிறகு மிருதுவாக, பிறகு பழையபடி. மயிர் மூடிய பின்னும் நாள் முடியவில்லை.

அவள் கூட்டிப்போக வந்தாள். கட்டுநாயக்கவில் கூண்டுக் கம்பிக்குள் விரலை விட்டு அந்த இடத்தைத் தடவத் தேடினேன். எது என்று தெரியவில்லை.