புதுப்பிப்பு: செங்ஷான்தோ முனை, ஜூன் வேண்டாம்

சீனாவின் சாந்தோங் தீபகற்பத்துக் கிழக்கு முனையான செங்ஷான்தோவில் சூரிய உதயம் பார்க்க ஜூன் நல்லது என்று இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். ஏப்ரல் முதல் ஜூலை வரை மூடுபனி மிக அதிகம். முனையைச் சுற்றி ஓடும் வேகமான நீரோட்டம் அடியிலுள்ள குளிர்ந்த நீரை மேலே கொண்டுவருகிறது. தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று அதன்மேல் பட்டதும் பனியாகிவிடும். பாறை விளிம்பில் நின்றாலும் கீழே அலைச்சத்தம் மட்டும்தான்.

செப்டம்பர், அக்டோபரில் போங்கள். ஜூனில் உதயம் 4:30 வாக்கில்; அக்டோபரில் 6 மணியை ஒட்டி வருவதால் ரோங்செங் நகரிலிருந்து கிளம்புவதும் எளிது. காற்றுத் தடுக்கும் மேலங்கி கட்டாயம்.

கடலில் வரிசையாக நிற்கும் பாறைகளைத் தவறவிடாதீர்கள். பேரரசர் சின் ஷி ஹுவாங் கட்டிய பாலத்தின் மிச்சம் என்பார்கள். உதவிய கடல் தெய்வம் தன் உருவத்தை வரையக் கூடாது என்றதாம். கைவினைஞர் ஒருவர் காலாலேயே ரகசியமாக வரைந்துவிட, பாலம் சரிந்தது. கதை தெரிந்து பார்த்தால் அந்தக் கற்கள் வேறு மாதிரி தெரியும். 1874-இல் கட்டிய கலங்கரை விளக்கமும் அருகிலேயே.