இழை: 'ஆனர்ஸ்' – கலை வரலாற்று இளநிலைப் படிப்புக்கான கலைச்சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிகளின் கலை வரலாற்றுத் துறைகள் இளநிலை மாணவர்களுக்கு வைத்திருக்கும் 'ஆனர்ஸ்' (வழக்கமான பட்டத்துக்கு மேல் சிலர் மட்டும் பெறும் தகுதி) விதிகளைத் தமிழில் எழுத ஒரு சொற்பட்டியல் வேண்டும். இப்போது கையில் இருப்பது:

ஆனர்ஸ் புரோகிராம் – கௌரவத் திட்டம்
ரிக்வயர்மெண்ட்ஸ் – தேவைகள்
தீசிஸ் – ஆய்வேடு
பிராஸ்பெக்டஸ் – தகவல் குறிப்பேடு
செகண்ட் ரீடர் – இரண்டாம் வாசகர்
டிஃபென்ஸ் – பாதுகாப்பு

எனக்கே பாதி ஒப்பவில்லை. வெட்டித் திருத்துங்கள்.

———

> ஆனர்ஸ் புரோகிராம் – கௌரவத் திட்டம்

முதலில் இதைத் தூக்க வேண்டும். 'கௌரவ டாக்டர்' என்றால் படிக்காமல், தேர்வெழுதாமல், மரியாதைக்காகக் கொடுப்பது என்று ஊரறிந்த பொருள் இருக்கிறது. ஓராண்டு உழைத்து அறுபது பக்கம் எழுதிய பிள்ளைக்குப் போய் அதே அடைமொழியா? 'மதிப்புறு' என்று மாற்றினாலும் இதே சிக்கல்தான், 'மதிப்புறு முனைவர்' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

'ஆனர்ஸ்' என்ற ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு வேறு சரக்கு விற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் வழக்கமான மூன்றாண்டு இளநிலைப் பட்டமே ஆனர்ஸ்தான்; முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பின் மேல்பிரிவா என்பதே அங்கே பேச்சு. ஆஸ்திரேலியாவில் மூன்றாண்டுப் பட்டம் முடித்தபின் தனியே சேரும் நான்காம் ஆண்டு. டெல்லியில் பி.ஏ. ஆனர்ஸ் என்றால் நெடுங்காலமாக ஒரே பாடத்தை ஆழப் படிப்பது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம் இன்னொன்றைச் சேர்த்தது: நான்காண்டு, 160 கிரெடிட் (பாடச்சுமையை அளக்கும் அலகு) முடித்தால் ஆனர்ஸ், முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் எடுத்தவர் நான்காம் ஆண்டில் 12 கிரெடிட்டுக்கு ஆய்வேடு எழுதினால் 'ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்'.

அமெரிக்காவுக்குள்ளேயே மூன்று வகை. சேரும்போதே தேர்ந்தெடுத்து எடுக்கும் ஆனர்ஸ் கல்லூரி ஒன்று. பெரும்பாலான இடங்களில் மதிப்பெண் சராசரியை மட்டும் பார்த்துக் கொடுக்கும் இலத்தீன் அடைமொழிகள் இன்னொன்று: கூம் லாடே, மாக்னா கூம் லாடே, சும்மா கூம் லாடே. (மூன்றிலும் உச்சம் 'சும்மா'. தமிழில் அப்படியே எழுதினால் சும்மா கொடுத்தது போலிருக்கும், கவனம்.) மூன்றாவது, ஒரு துறை தன் மாணவருக்கு ஆய்வேட்டின் பேரில் தருவது. நீங்கள் கேட்பது இந்த மூன்றாவதை. இத்தனை பொருளையும் ஒரே சொல்லில் கட்டப் பார்க்காதீர்கள்.

———

'சிறப்புத் திட்டம்' என்று எழுதிவிடலாமே? எளிய சொல், எல்லோருக்கும் விளங்கும்.

———

வணக்கம். இலங்கையில் விளங்காது, வேறாக விளங்கிவிடும். எங்களிடம் 'சிறப்புக் கலைமாணி' என்பது நான்கு வருடப் பட்டம்; மூன்று வருடத்தில் முடிப்பது பொதுப் பட்டம். ஒருவர் 'கலை வரலாற்றில் சிறப்பு' என்றால் அந்தப் பாடத்தைத் தனிப் பாடமாக எடுத்துப் படித்தவர் என்றுதான் யாழ்ப்பாணத்தில் நினைப்பார்கள். அமெரிக்காவில் கலை வரலாற்றை முதன்மைப் பாடமாக எடுத்த எல்லோரும் அந்தக் கணக்கில் 'சிறப்பு'ப் படித்தவர்கள் ஆகிவிடுவார்கள். அவர்களுக்குள் சிலர் மட்டும் பெறுவதுதானே இது?

———

சொல்லைத் தேடுமுன் நடைமுறையை வரிசையாக வைத்துக்கொள்வோம். கல்லூரிக்குக் கல்லூரி எண்கள் மாறும், எலும்புக்கூடு ஒன்றே.

முதன்மைப் பாடத்தில் மதிப்பெண் சராசரி 4.0க்கு 3.5 என்பது பரவலாகக் காணப்படும் வாசல். சில இடங்களில் ஒட்டுமொத்தச் சராசரிக்கும் தனி வரம்பு உண்டு. அதற்குள் கலை வரலாற்று ஆய்வுமுறைக் கருத்தரங்கை முடித்திருக்க வேண்டும். பண்டைக்காலம், இடைக்காலம், மறுமலர்ச்சி, நவீனம், ஐரோப்பாவுக்கு வெளியே என்று காலமும் இடமும் பரவலாகப் பாடம் எடுத்திருக்க வேண்டும் என்பது முதன்மைப் பாடத்தின் விதி. ஆனர்ஸ் மாணவருக்கு அதில் தளர்வு கிடையாது. பிறமொழி ஒன்றை வற்புறுத்தும் துறைகள் பல. பிரெஞ்சும் ஜெர்மனும் வழக்கமாகச் சொல்லப்படுபவை, ஏனென்றால் இத்துறையின் பழைய ஆய்வுகளில் பெரும்பகுதி அவற்றில் இருக்கிறது. ஆனால் சோழர் வெண்கலம் பற்றி எழுதுபவருக்குத் தமிழும் சமற்கிருதமும்தான் உதவும். அதற்குத் துறைத்தலைவரிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும்.

மூன்றாம் ஆண்டின் இரண்டாம் பருவத்தில் முன்வரைவு, அதாவது பட்டியலில் உள்ள 'பிராஸ்பெக்டஸ்'. மூன்று முதல் ஐந்து பக்கம்: கேள்வி என்ன, எந்தப் பொருள்களை வைத்து, இதுவரை யார் என்ன சொன்னார்கள், நூற்பட்டியல். வழுக்கி விழும் இடம் இதுதான். அந்தப் பருவத்தில்தான் பலர் வெளிநாடு போய்ப் படிக்கிறார்கள், கெடு தெரியாமல் கடந்துவிடுகிறது. நெறியாளர் மறு ஆண்டு ஆய்வு விடுப்பில் இருப்பாரா என்று கேட்கத் தவறுவது அடுத்தது.

நான்காம் ஆண்டு முழுக்க ஆய்வேடு, பருவத்துக்கு ஒரு பாடமாகப் பதிவு. டிசம்பருக்குள் ஓர் இயலாவது முழுசாக வர வேண்டும். வராவிட்டால் நெறியாளர் அங்கேயே நிறுத்திவிடலாம். முதல் பருவ வேலை தனிப்பயில்வுப் பாடமாக மாறும், உழைப்பு வீணாகாது. படங்கள் நீங்கலாக 40 முதல் 60 பக்கம் என்பது பொதுவான அளவு. ஏப்ரலில் நெறியாளரும் இன்னோர் ஆசிரியரும் மாணவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள்.

ஆய்வேட்டை முடித்தாலே ஆனர்ஸ் கிடைத்துவிடாது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்க்குத் தெரிவதில்லை. ஆய்வேட்டைப் படித்து மதிப்பிடும் ஆசிரியர்கள் 'தேர்ச்சி, ஆனால் ஆனர்ஸ் இல்லை' என்று சொல்லலாம். ஆகவே சேர்வதற்கு ஒரு பெயர், கிடைப்பதற்கு ஒரு பெயர் என இரண்டு வேண்டும்.

———

அப்படியானால் 'ஆய்வுத்தகுதி' என்று ஆய்வேட்டை வைத்தே பெயர் கட்டலாமே?

———

கட்டினால் அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் உடையும். அங்கே 1922இல் கல்லூரித் தலைவர் ஃபிராங்க் அய்டெலாட் ஆக்ஸ்ஃபோர்டு முறையைப் பார்த்துத் தொடங்கிய ஆனர்ஸில் முடிவு சொல்பவர்கள் வெளித்தேர்வாளர்கள். மாணவர் முதன்மைப் பாடத்தில் மூன்று, துணைப் பாடத்தில் ஒன்று என நான்கு ஆயத்தங்களோடு (தேர்வுக்கென ஆழப் படித்த பகுதிகளோடு) போய், எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் கொடுக்கிறார். ஆய்வேடு அந்த நான்கில் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சொந்த ஆசிரியர் மதிப்பெண் போடுவதில்லை. ஆனர்ஸ், ஹை ஆனர்ஸ், ஹையஸ்ட் ஆனர்ஸ் என மூன்று படி. நாம் ஆக்கும் சொல் இந்த மூன்று படியையும் தாங்க வேண்டும்.

என் பரிந்துரை: தகைசால் தேர்ச்சி. சேரும் திட்டம் 'தகைசால் தேர்ச்சித் திட்டம்'. படிகள்: தகைசால் தேர்ச்சி, உயர் தகைசால் தேர்ச்சி, மிகவுயர் தகைசால் தேர்ச்சி. 'தேர்ச்சி' இருப்பதால் சும்மா கொடுத்த கௌரவம் என்று யாரும் மயங்க மாட்டார்கள். 'சிறப்பு' இலங்கை வழக்குக்கே இருக்கட்டும்.

———

'தகைசால்' என்றதும் தமிழ்நாட்டில் அரசு தரும் 'தகைசால் தமிழர்' விருதுதான் நினைவுக்கு வரும். விருது வாடை அடிக்கிறது. ஆனாலும் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

'கலை வரலாற்றில் தகைசால் தேர்ச்சி பெற்றார்.' நன்றாக இருக்கிறது.
'தகைசால் தேர்ச்சித் திட்டத்தில் சேர்ந்து, பாதியில் விலகினார்.' ஓடுகிறது.
'ஆய்வேடு ஏற்கப்பட்டது, தகைசால் தேர்ச்சி வழங்கப்படவில்லை.' இதுதான் உண்மையான சோதனை, இதிலும் நிற்கிறது. 'கௌரவத் திட்டம்' இந்த மூன்றாவதில் விழுந்துவிடும்.

'மிகவுயர் தகைசால் தேர்ச்சி' மட்டும் வாய்க்குள் அடங்கவில்லை. 'தகைசால் தேர்ச்சி – மிகவுயர் படி' என்று படியைப் பின்னால் தள்ளினால் பட்டியலில் அழகாக அமரும்.

மற்றவை: 'தேவைகள்' ஆங்கில வாடை, 'தகுதி விதிகள்' போதும். முன்வரைவு சரி, தகவல் குறிப்பேடு என்பது கல்லூரி விற்கும் விண்ணப்பப் புத்தகம். 'இரண்டாம் வாசகர்' நூலகத்தில் வரிசையில் நிற்பவர் போல இருக்கிறார், 'இணை மதிப்பீட்டாளர்' என்க. 'பாதுகாப்பு' காவல்துறைக்குப் போகட்டும். முனைவர் பட்டத்துக்கு நாம் சொல்லும் 'வாய்மொழித் தேர்வு' இங்கும் பொருந்தும்.

———

இணை மதிப்பீட்டாளருக்கு ஆதரவு. பட்டியலில் விடுபட்ட ஒன்று: புரொவெனன்ஸ். 'தோற்றுவாய்' என்று எழுதுகிறார்கள், பிழை. சிலை எங்கே வார்க்கப்பட்டது என்பது தோற்றுவாய். யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த ஆண்டில், என்ன சான்றோடு மாறியது என்பது வேறு. தமிழ்நாட்டுக் கோயிலிலிருந்து களவுபோன ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008இல் வாங்கியது. 2014இல் இந்தியாவிடம் திரும்பியது. அதன் தோற்றுவாயில் சிக்கல் எதுவும் இல்லை, கைமாறிய கதையில்தான் பொய் இருந்தது. 'உடைமை வரலாறு' என்றால் மயக்கமில்லை.

இளநிலை ஆய்வேட்டில் இதற்குத் தனி இடம் உண்டு. கலைப்பொருள் கடத்தலைத் தடுக்க வந்த 1970 யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முன் அந்தப் பொருள் எங்கே இருந்தது என்பதற்குச் சான்று உண்டா என்று இணை மதிப்பீட்டாளர் கேட்கக்கூடும். மாணவர்க்கு எளிது, வெகுகாலமாக ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பொருளை எடுப்பது: அமெரிக்காவின் கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகத்து நடராசர் அங்கே 1930இலேயே சேர்ந்துவிட்டார். படத்துக்கும் தொல்லை குறைவு, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இலும் கிளீவ்லாந்து 2019இலும் உரிமைச் சிக்கலற்ற தங்கள் படங்களை யாரும் எடுத்தாளத் திறந்துவிட்டன.

படக்குறிப்பில் வரும் வரிசை: கலைஞர் அல்லது காலம், பெயர், ஆண்டு, ஊடகம், அளவு, இருக்குமிடம். 'மீடியம்' என்பதற்கு 'ஊடகம்' போட்டால் செய்தித்தாள் ஞாபகம் வருகிறது. 'செய்பொருள்'?

———

வெண்கலத்துக்குச் செய்பொருள் சரி. 'துணியில் எண்ணெய் வண்ணம்' என்பதில் துணியும் வண்ணமும் சேர்ந்து வருகிறதே, அதற்கும் ஒத்துவருமா?

———

வரும். தைல ஓவியக் குறிப்புகளில் 'செய்பொருள்: கித்தானில் எண்ணெய் வண்ணம்' என்று பார்த்தேன், உறுத்தவில்லை. தகைசால் தேர்ச்சி, தகுதி விதிகள், முன்வரைவு, இணை மதிப்பீட்டாளர், வாய்மொழித் தேர்வு, உடைமை வரலாறு, செய்பொருள் ஆகியவற்றைப் பட்டியலில் ஏற்றுகிறேன். இலத்தீன் அடைமொழிக்குத் தற்காலிகமாக 'மதிப்பெண் மேன்மை'. 'கிரெடிட்' மிச்சம். இலங்கையில் 'திறமைச் சித்தி' ('கிரெடிட் பாஸ்') பரீட்சைப் பெறுபேற்றைக் குறிப்பதால் 'திறமை' என்ற வேரைத் தொட வேண்டாம். 'கிரெடிட்' சொல்லுக்குத் தனி இழை திறக்கிறேன்.